காப்பாற்றிய ஊர் மறுபடி எரிகிறது

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கிங்ஸ் சர்க்கிள் பூங்காவை வழக்கம்போல் நாலு சுற்று நடந்துவிட்டு வீடு திரும்பினேன். ஹாலில் என் பேரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். பத்தாம் வகுப்பு முடித்து ஜூனியர் காலேஜில் சேர்ந்திருப்பவன். காதில் ஹெட்போன். திரையில் ஒரு கிராமம் எரிந்துகொண்டிருந்தது. ஜனங்கள் அலறிக்கொண்டு ஓட, என் பேரன் ஒரு வீரனின் உருவத்தில் வாளைச் சுழற்றி அரக்கர்களை வெட்டி வீழ்த்திக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடத்தில் தீ அடங்கியது. ஊர்ப் பெரியவர் போலிருந்த ஒரு கிழவர் வந்து வணங்கினார். நீதான் எங்கள் ரட்சகன், உன்னை இந்த ஊர் என்றைக்கும் மறக்காது என்ற தோரணையில் ஏதோ சொல்லி, ஒரு பொற்கிழியும் கொடுத்தார்.

பேரன் யாரையோ காப்பாற்றினான் என்பதில் எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. உள்ளே போய்க் காபியை ஆற்றிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதே ஊர் மறுபடியும் எரிகிறது!

"என்னடா இது, இப்பத்தானே காப்பாத்தினே?"

"அது ரீஸ்பான் ஆயிடும் தாத்தா. அடுத்த பிளேயருக்கு வேணுமே."

"அந்தக் கிழவர் உன்னை மறக்கவே மாட்டேன்னாரே?"

"அவர் எல்லாருக்கும் அதையேதான் சொல்லுவார்."

"அப்போ நீ காப்பாத்தினதுக்கு என்னதான் அர்த்தம்?"

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். "பாயிண்ட் வரும். லெவல் ஏறும். ஆனா ஊருக்கு ஒண்ணும் ஆகாது தாத்தா. நான் இன்னிக்கு வரலேன்னாலும் அது அப்படியேதான் இருக்கும்."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் வருத்தம்கூட இல்லை. உலகம் அப்படித்தான் என்கிற சமாதானம் இருந்தது. அதுதான் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

நான் சொல்ல வருவது வேறு

இணைய விளையாட்டு என்றதும் நம் வீடுகளில் எழுகிற புகார்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. கண் கெடும், படிப்பு கெடும், முதுகு வளையும், பணம் போகும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்தது. பணத்தை இழந்து குடும்பங்கள் சீரழிந்த கதைகளைப் படித்தவர்கள் அதை வரவேற்றார்கள். அதைப் பற்றி எழுத நான் வரவில்லை. பணம் போகாத, சூதும் இல்லாத, நல்ல பிள்ளைகள் நல்ல நண்பர்களுடன் ஆடுகிற ஆட்டத்தில் உள்ள ஒரு குறையைப் பற்றியே எழுதுகிறேன். ஆடுகிறவன் என்ன செய்தாலும் அந்த உலகத்தில் எதுவும் மாறுவதில்லை என்பதுதான் அந்தக் குறை.

விளையாட்டில் போய் இதை எல்லாம் எதிர்பார்க்கலாமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நம் பாட்டிமார் ஆடிய ஆட்டங்களையே எடுத்துக்கொள்வோம். பரமபதத்தில் தாயம் விழுந்தபடி காய் நகரும். ஏணியும் பாம்பும் நம்மைக் கேட்டு வருவதில்லை. அது அதிர்ஷ்டம் என்று தெரிந்தே ஆடினோம். ஆடுபுலி ஆட்டத்தில் அப்படி இல்லை. ஓர் ஆட்டைத் தப்பான இடத்தில் வைத்தால் புலி அதைத் தின்றுவிடும். பின்வரும் ஆட்டம் முழுவதும் அந்த ஒரு காயினால் வேறு மாதிரி போகும். இரண்டு ஆட்டமும் யோக்கியமானவை. எது நம் கையில், எது நம் கையில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றன.

இணையத்தில் வேடமேற்று ஆடும் விளையாட்டோ ஆடுபுலி ஆட்டம் என்று சொல்லி நம்மை உட்கார வைக்கிறது. நீதான் நாயகன், உன் கையில்தான் இந்த உலகின் விதி என்று விளம்பரம் செய்கிறது. உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அது பரமபதம்கூட இல்லை என்று. பரமபதத்திலாவது மேலே போனவன் மேலே போனவன்தான்.

ஏன் இப்படி ஆயிற்று?

இதில் யாரையும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. காரணத்தை யோசித்தால் எளிதாகவே விளங்கும்.

இந்த விளையாட்டுகளின் மூதாதை 1978-ல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இன்னொரு மாணவர் வளர்த்தார். அதற்கு 'மட்' என்று பெயர். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். கொஞ்சம் பேர் மட்டுமே ஆடிய அந்த உலகத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவரை அறிந்திருந்தார்கள்.

அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் அந்தக் குடில் மாநகரமாகிவிட்டது. 2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' போன்ற விளையாட்டுகளில் உலகம் முழுவதிலுமிருந்து லட்சக்கணக்கானோர் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். லட்சம் பேருக்கும் நீதான் நாயகன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. எரிகிற ஊரோ ஒன்று. முதலில் வந்தவன் தீயை அணைத்துவிட்டால், இரண்டாவதாக வருகிறவன் கட்டிய பணத்துக்கு என்ன பதில்? ஆகவே ஊரை மறுபடி கொளுத்துகிறார்கள். கல்யாணப் பந்தியில் கடைசிப் பந்திக்கும் பாயசம் இருக்க வேண்டும் என்கிற நியாயம்தான்.

இதற்கு ஓர் உபாயமும் கண்டுபிடித்தார்கள். 2008-ல் வார்கிராஃப்டின் விரிவாக்கம் ஒன்று வந்தபோது, காரியத்தை முடித்தவனுக்கு ஊர் மாறியதுபோலவும் முடிக்காதவனுக்குப் பழையபடியே இருப்பது போலவும் காட்டும் வழியைப் பெரிய அளவில் கையாண்டார்கள். ஒரே இடத்தில் நிற்கும் இரண்டு நண்பர்களுக்கு இரண்டு வேறு ஊர்கள் தெரியும். ஆளுக்கொரு கண்ணாடி மாட்டிவிட்டு உலகமே மாறிவிட்டது என்று சொல்வதுபோல! நான் கட்டிய வீடு என் கண்ணுக்கு மட்டும் தெரியும் என்றால், அதை வீடு என்பதா, கனவு என்பதா?

ஆட்டக்காரர் கை ஓங்கிய நாட்கள்

இதெல்லாம் முடியாத காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். பேரனிடம் கேட்டும், அவன் எடுத்துக் கொடுத்ததைப் படித்தும் நான் தெரிந்துகொண்ட சில சம்பவங்கள் உண்டு. படிக்கப் படிக்க, வயதான எனக்கே நாற்காலி நுனிக்கு வர வேண்டியிருந்தது.

1997-ல் 'அல்டிமா ஆன்லைன்' என்ற விளையாட்டு வந்தது. அதை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட் 'லார்டு பிரிட்டிஷ்' என்ற அரசராக அதற்குள் உலவுவார். வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் காலத்தில், அந்த ஆகஸ்டில், அரசர் ஜனங்களுக்குத் தரிசனம் தந்துகொண்டிருக்கையில் ஓர் ஆட்டக்காரர் நெருப்பு மந்திரத்தை ஏவினார். அரசருக்குச் சாவே வராதபடி வைக்கும் ஏற்பாடு அன்றைக்கு மறுபடி போடப்படாமல் விட்டுப்போயிற்று. அரசர் சுருண்டு விழுந்தார். கதை எழுதியவரையே கதைக்குள் கொன்றுவிட்டான் ஒருவன்! அதே விளையாட்டில், காட்டு மிருகங்கள் ஒன்றையொன்று தின்று பெருகிக் குறையும்படி இயற்கையைப் போலவே ஓர் ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் ஆட்டக்காரர்கள் புகுந்து, குட்டி போடும் வேகத்தைவிட வேகமாக எல்லாவற்றையும் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். அருமையான ஏற்பாட்டைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. ஆட்டக்காரர் கையில் உலகத்தைக் கொடுக்க நிறுவனங்கள் ஏன் பயப்படுகின்றன என்பதற்கு இதுவே சாட்சி. அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

1999-ல் வந்த 'எவர்க்வெஸ்ட்' விளையாட்டில் கெராஃபிர்ம் என்று ஒரு பறவைநாகம். தூங்கிக்கொண்டே இருக்கும். ஒரு சர்வரில் ஒரே ஒரு முறைதான் அதை எழுப்ப முடியும். எழுந்தால் எதிரில் பட்டவரை எல்லாம் கொன்றுவிட்டுப் போய்விடும். அதைக் கொல்ல முடியாது என்பது எழுதப்படாத விதி. 2003 நவம்பரில் ஒரு சர்வரில் ஏறக்குறைய இருநூறு பேர், ஒருவருக்கொருவர் பகையான குழுக்களைச் சேர்ந்தவர்கள், கைகோத்துக்கொண்டு அதை எதிர்த்தார்கள். மணிக்கணக்கில் செத்துச் செத்து எழுந்து போராடி, அதன் உயிரில் கால் பங்கு மீதி இருந்தபோது அந்த மிருகம் திடீரென்று மறைந்துவிட்டது. நிறுவனத்தாரே அதை எடுத்துவிட்டார்கள்! ஆட்டக்காரர்களின் கோபத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு, இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்தார்கள். இம்முறை அது செத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஆஷரன்ஸ் கால்' என்ற விளையாட்டின் கதைதான். ஓர் அரக்கன் சிறைப்பட்டிருக்கிறான். அவனைக் கட்டி வைத்திருக்கும் மந்திரப் படிகங்களை ஆட்டக்காரர்கள் உடைத்துவிட வேண்டும், அவன் வெளியே வர வேண்டும், கதை மேலே நகர வேண்டும் என்பது நிறுவனம் போட்ட திட்டம். 2000-ஆம் ஆண்டில் மற்ற சர்வர்களில் எல்லாம் படிகங்கள் திட்டப்படி உடைந்தன. தீஸ்ல்டவுன் என்ற சர்வரில் மட்டும் ஒரு கூட்டம், அரக்கனை ஏன் விட வேண்டும் என்று கேட்டது. கடைசிப் படிகத்தைச் சுற்றி முறை வைத்துக் காவல் நின்றார்கள். உடைக்க வந்தவர்களை எல்லாம் விரட்டினார்கள். கதை நின்றுபோயிற்று. கடைசியில் நிறுவனத்தாரே பாத்திரங்களாக இறங்கி வந்து காவலர்களை வீழ்த்திப் படிகத்தை உடைக்கும்படி ஆனது. ஆனால் அதோடு விடவில்லை. அந்தச் சர்வரில் மட்டும், காவல் நின்றவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

தோற்றவர்களுக்கு நினைவுச் சின்னம்! நம் ஊர் எல்லைகளில் நிற்கும் நடுகற்கள்தான் என் நினைவுக்கு வந்தன. ஆநிரை மீட்கப் போய் மடிந்தவனுக்குக் கல் நட்ட சமுதாயம் நாம். ஊர் பிழைத்ததா இல்லையா என்பதைவிட, ஒருவன் நின்றான் என்பதை ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டது என்பதுதான் அந்தக் கல்லின் பொருள்.

இன்றைக்கும் நடக்கிற உதாரணம் ஒன்றும் உண்டு. ஐஸ்லாந்து நாட்டு நிறுவனம் 2003-ல் தொடங்கிய 'ஈவ் ஆன்லைன்' விண்வெளி விளையாட்டு. அதில் நிறுவனம் எழுதிய கதை கொஞ்சம். ஆட்டக்காரர்கள் எழுதிய கதையே அதிகம். கூட்டணி கட்டுவது, வாணிபம் செய்வது, காட்டிக் கொடுப்பது எல்லாம் அவர்கள்தான். 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி தன் வசமிருந்த ஒரு மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் கட்டப்படாமல் போயிற்று. அந்த ஒரு சிறு தவறில் மூண்ட போர் 21 மணி நேரம் நடந்தது. 7,500-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். டைட்டன் என்னும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. அவை திரும்ப முளைக்கவில்லை. மறுபடி வேண்டுமானால் மறுபடி உழைத்துக் கட்ட வேண்டியதுதான். போர் நடந்த இடத்தில் உடைந்த கப்பல்களை நினைவாக அப்படியே நிறுத்திவைத்தார்கள். அது மட்டுமில்லை. 2008 முதல் ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு ஒரு பிரதிநிதிக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழு நிறுவனத்தாருடன் உட்கார்ந்து பேசுகிறது.

ஈவ் உலகம் சுவர்க்கம் என்று சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் சேர்த்ததை ஒரே இரவில் நண்பனே கொள்ளையடித்துப் போவதும் அங்கே நடக்கிறது. ஒருவன் கைக்குப் பலம் உண்டென்றால் அந்தப் பலம் அடுத்தவன் வீட்டையும் இடிக்கும். ஆனாலும், அங்கே ஒருவன் கட்டணம் கட்ட மறந்தால் உலகம் மாறுகிறது. இங்கே என் பேரன் ஓர் ஊரையே காப்பாற்றினாலும் ஒன்றும் மாறவில்லை.

கூத்தில் கதை மாறுகிறதா?

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். வட ஆற்காடு பக்கத்துக்காரர், மாட்டுங்காவில் நாற்பது வருஷ வாசம். "சார், எங்க ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து ராத்திரி ராத்திரியா நடக்கும். கடைசி நாள் மண்ணால் பிரம்மாண்டமா துரியோதனனைச் செஞ்சு படுக்க வெச்சுப் படுகளம் நடத்துவோம். வருஷா வருஷம் அவன் சாகிறான், அடுத்த வருஷம் எழுந்து வரான். கதையை எவனாவது மாத்தினானா? அதுக்காக அதை அர்த்தமில்லாததுன்னு சொல்வீங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன்.

கூத்தில் கதை மாறாதுதான். ஆனால் அங்கே யாரும் பார்க்க வந்தவனிடம், நீதான் துரியோதனனைக் கொல்லப் போகிறாய் என்று பொய் சொல்வதில்லை. கதை தெரிந்தே வருகிறார்கள். இன்னொன்று, கதை மாறாவிட்டாலும் ஊர் மாறுகிறது. மண் சுமந்தது யார், விறகு கொடுத்தது யார், பீமன் வேஷம் இந்த வருஷம் யாருக்கு, போன வருஷம் அர்ஜுனன் தபசு மரம் ஏறியபோது யார் குரல் கம்மியது என்றெல்லாம் ஊருக்கு நினைவிருக்கிறது. தேரும் அப்படித்தான். நாலு வீதி சுற்றி நிலைக்கே திரும்பி வருகிறது. ஆயிரம் பேர் இழுத்த வடத்தில் என் ஒரு கையால்தான் தேர் நகர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாக் கையும் விட்டால் தேர் நிற்கும். என் கை அதில் ஒன்று. அந்தக் கணக்கு மெய்யானது.

ஆகவே, கதையைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டில் ஒன்று இருந்தால் போதும். ஆடுகிறவன் செய்கையால் ஏதாவது மாற வேண்டும். அல்லது செய்தவனை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் ஒருவன் தினமும் மூன்று மணி நேரம் உழைத்தால், அது பொழுதுபோக்கும் இல்லை, உழைப்பும் இல்லை. செக்கு மாட்டுக்காவது எண்ணெய் கிடைத்தது என்கிற பெயர் உண்டு.

விளையாட்டு செய்கிறவர்களுக்கு

நம் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய விளையாட்டுகளை ஆடுவதோடு நிற்காமல் செய்யவும் கற்கிறார்கள். படம் வரைகிறார்கள், புரோகிராம் எழுதுகிறார்கள். அவர்களுக்காகச் சில யோசனைகள்.

முதலாவது, லட்சம் பேருக்கு லட்சம் நாயகர் பட்டம் கொடுப்பதை நிறுத்துங்கள். குயவன், கொல்லன், படகோட்டி, காவல்காரன் என்று சிறிய வேஷம் கொடுங்கள். ஆனால் அந்தச் சிறிய வேஷத்தின் வேலை மெய்யாக இருக்கட்டும். அவன் கட்டிய பாலத்தில் அடுத்தவன் நடந்து போகட்டும். இரண்டாவது, ஒவ்வொரு சர்வரும் தன் சரித்திரத்தைத் தானே சுமக்கட்டும். வார்கிராஃப்டிலேயே 2006 ஜனவரியில் ஒரு பெரிய கோட்டைக் கதவைத் திறக்க, அந்தந்தச் சர்வரின் மக்கள் சேர்ந்து துணியும் உலோகமும் உணவும் மலைமலையாகக் குவிக்க வேண்டியிருந்தது. சில சர்வர்கள் சீக்கிரம் திறந்தன, சில தாமதமாகத் திறந்தன. அது ஊர் கூடித் தேர் இழுத்த நாள். அதைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது, தவறு செய்யவும் இடம் கொடுங்கள். 2005 செப்டம்பரில் அதே விளையாட்டில், ஓர் இடத்துக்குள் மட்டும் இருக்க வேண்டிய நோய் வளர்ப்புப் பிராணிகள் மூலம் வெளியே வந்து நகரங்களில் பரவிற்று. நிறுவனத்துக்கு அது பிழை. ஆனால் சிலர் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்க ஓடியதையும், சிலர் ஊரை விட்டு ஓடியதையும், சிலர் வேண்டுமென்றே பரப்பியதையும் பார்த்து, 2007-ல் மருத்துவ ஆய்விதழில் கட்டுரை எழுதினார்கள் அறிஞர்கள். எழுதி வைத்த கதை எதுவும் மனிதர்களைப் பற்றி இவ்வளவு சொன்னதில்லை.

நினைவு என்பதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. தீஸ்ல்டவுன் காவலர்களுக்கு எழுப்பினார்களே, அந்த நினைவுச் சின்னம் எங்கே? 2017 ஜனவரி 31-ஆம் தேதி நிறுவனம் ஆஷரன்ஸ் கால் சர்வர்களை அணைத்துவிட்டது. உலகத்தோடு அந்தக் கல்லும் போயிற்று. நம் நடுகல் வெயிலிலும் மழையிலும் நூற்றாண்டுகள் நின்றது. அவர்களுடையது பதினாறு, பதினேழு ஆண்டுகள். நம் நாட்டிலும் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டபோது, எத்தனையோ பிள்ளைகள் தாங்கள் சேர்த்த பதக்கங்கள் எல்லாம் என்ன ஆகுமோ என்று முழித்தார்கள். அடுத்தவன் மின்சாரத்தில் எரியும் விளக்கு அது. அவன் அணைக்கும்போது அணையும்.

நம் வீட்டுக் கதை

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில், அம்பேத்கர் சாலை மேம்பாலத்தின் அடியில் ஒரு பூங்கா இருக்கிறது. நானாலால் மேத்தா பூங்கா என்று பெயர். பாலம் வந்த பிறகு அதன் அடியில் வண்டிகளை நிறுத்துவதும் வேண்டாத காரியங்கள் நடப்பதுமாகிவிடக் கூடாது என்று இந்த வட்டாரத்து ஜனங்கள் விழித்துக்கொண்டார்கள். காவலுக்கு ஆள் போட்டார்கள். மாநகராட்சிக்கு மனுவுக்கு மேல் மனு போட்டார்கள். 2016-ல் அங்கே பூங்கா திறந்தது. நர்மதை நதியின் வளைவுகளைப் போல நடைபாதை போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் லாரிகள் ஓட, கீழே கிழவர்கள் நடக்கிறோம், குழந்தைகள் ஓடுகின்றன. நாளைக் காலையில் அந்த இடம் ரீஸ்பான் ஆகிப் பழைய குப்பைமேடாக மாறாது.

என் பேரனை அங்கே அழைத்துப்போய் இந்தக் கதையைச் சொன்னேன். மெய்யான உலகத்தில் மனுஷன் கைக்குப் பலம் இருக்கிறது பார் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு கேட்டான்:

"தாத்தா, போன வருஷம் ஆண்டு விழாவுக்கு நாங்க நாலு பேர் ஒரு ஐடியா சொன்னோமே, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. பிள்ளைகள் ஒரு யோசனை எழுதிக்கொண்டு வந்தார்கள். வாழ்த்துரைகளைக் குறைத்துக்கொண்டு, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் அனுபவங்களைத் தங்கள் தமிழிலேயே பேச ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்டார்கள். விழாக் குழுவில் நானும் இருந்தேன். எல்லோரும் பாராட்டினோம். இளைஞர்களே நாளைய தூண்கள் என்றேன் நான். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு வழக்கமான நிகழ்ச்சி நிரலே அச்சாயிற்று. பிள்ளைகளுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிற வேலையும் சான்றிதழும் கொடுத்தோம். அதற்கு முந்தைய வருஷமும், வேறு பிள்ளைகளிடம், இதே தூண்கள் வசனத்தைத்தான் நான் சொல்லியிருக்கிறேன்.

எரிகிற ஊரில் வந்து வணங்கிப் பொற்கிழி கொடுக்கும் அந்தக் கிழவர் யார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோரிடமும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுகிறவர். அது நான்தான். நம் வீடுகளிலும், ஹௌசிங் சொசைட்டிகளிலும், கோவில் கமிட்டிகளிலும், தமிழ் அமைப்புகளிலும் பொறுப்பில் இருக்கும் நம்மில் பலரும்தான்.

பிள்ளைகள் ஏன் திரையை விட்டு எழுந்து வரமாட்டேன் என்கிறார்கள் என்று அங்கலாய்க்கிறோம். எழுந்து வந்தால் அவர்களுக்கு நாம் வைத்திருப்பது என்ன? திரைக்குள் செய்தது நிற்பதில்லை என்றாலும் அங்கே லெவலாவது ஏறுகிறது. இங்கே அதுவும் இல்லையே.

இந்த வருஷ விழாக் குழுக் கூட்டத்தில் அந்த ஒரு மணி நேரத்தை நானே முன்மொழிந்தேன். முழுதாகக் கிடைக்கவில்லை; நாற்பது நிமிடம் கிடைத்தது. அந்த நாற்பது நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே தீர்மானிப்பார்கள். அவர்கள் சொதப்பலாம். நமக்குப் பிடிக்காததைப் பேசலாம். அல்டிமா ஆன்லைன் காட்டில் மிருகங்கள் தீர்ந்துபோனது போல ஏதாவது தீர்ந்தும் போகலாம். ஆனால் அதற்குப் பிறகு விழா பழையபடி இருக்காது.

வாசக அன்பர்களே, உங்கள் பேரனோ பேத்தியோ அடுத்த முறை ஒரு யோசனையோடு வந்தால் உடனே பாராட்டிவிடாதீர்கள். அந்தப் பாராட்டைப் பொற்கிழியோடு சேர்த்துக் கம்ப்யூட்டரே கொடுத்துவிடும். ஒரு நாற்காலியையாவது அவர்கள் சொன்ன இடத்தில் போட்டுப் பாருங்கள். மறுநாளும் அது அங்கேயே இருக்கட்டும்.